நாட்டு மீன் குஞ்சு எங்கே வாங்கலாம்? (சால்மன், கலுங்கு, விலாங்கு என்று எங்கெங்கோ போன இழை)

மேலூர்_பக்கம்:
எங்கள் ஊர்க் கண்மாயின் மீன் குத்தகை இந்தப் பங்குனியோடு முடிகிறது. அடுத்த ஏலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, நாட்டு மீனாக விடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. பெரியவர்கள் விரால், குறவை, கெளுத்தி, ஆரால், உளுவை, அயிரை என்று வரிசையாகச் சொல்கிறார்கள். இளசுகளுக்குக் கட்லாவும் ஜிலேபியும்தான் தெரியும். மீன்பிடித் திருவிழாவில் கொடி அசைத்ததும் ஊத்தாவை (மீன் பிடிக்கிற கூடை) தூக்கிக்கொண்டு ஆயிரம் பேர் இறங்குகிறோம், மாட்டுவதில் முக்கால்வாசி ஜிலேபி. அதைக் குழம்பு வைத்துவிட்டு வருடம் முழுக்கப் பெருமை பேச வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அணையை இடித்ததும் சால்மன் மீன் ஆற்றில் ஏறி வருகிற காணொளி ஒன்று எங்கள் ஊர் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேச்சே கிளம்பியது. நேரடியாகக் கேட்கிறேன்: விரால், கெண்டைக் குஞ்சு மொத்தமாக எங்கே கிடைக்கும், ஏக்கருக்கு எத்தனை விட வேண்டும்?

செல்லூர்_டு_சியாட்டில்:
தம்பி, அந்தக் காணொளி எல்வா ஆறாகவோ கிளாமத் ஆறாகவோ இருக்கும். எல்வா நான் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்தில்தான் ஓடுகிறது. அந்தக் கதையைக் கேட்டபிறகு குஞ்சு வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வருகிற மீன். எல்வாவில் 1913ல் ஓர் அணை வந்தது, 1927ல் மேலே இன்னொன்று. முதல் அணை கடலிலிருந்து 8 கிலோமீட்டர் தூரத்தில் இருந்ததால் மேலே இருக்கிற நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓடைகளும் சால்மனுக்குக் கதவடைப்பு. மீன் ஏற வழி விட்டுத்தான் அணை கட்ட வேண்டும் என்று அப்போதே சட்டம் இருந்தது. கட்டியவர்கள் வழி விடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குஞ்சுப் பண்ணை வைத்தால் போதும் என்று மாநில மீன்வள அதிகாரியே வழி சொன்னார், அவர்களும் சரி என்று தலையாட்டினார்கள். அந்தப் பண்ணை 1922லேயே மூடப்பட்டுவிட்டது. அணை மட்டும் நூறு வருடம் நின்றது.

2011 செப்டம்பரில் இடிக்க ஆரம்பித்து 2014ல் முடித்தார்கள். இரண்டு அணைக்கும் பின்னால் சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கிக் கிடந்தது, அதில் பெரும்பங்கு கீழே இறங்கி, கடல் முகத்தில் புதுக் கரையே உருவானது. சால்மன் முட்டையிடுவது சரளைக் கல்லில். வாலால் பள்ளம் தோண்டி முட்டையை இட்டு, மேலே கல்லை மூடும். கல்லுக்கு நடுவே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை பிழைக்கும். அணை அந்தச் சரளையைக் கீழே வரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. ஆக வழியும் திறந்தது, கல்லும் வந்தது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: இடிக்க ஆரம்பித்த 2011லிருந்தே அங்கே மீன்பிடிக்கத் தடை. அந்த ஆற்றையே நம்பி வாழ்ந்த லோயர் எல்வா கிளால்லம் பழங்குடி மக்களும் தாங்களாக ஒப்புக்கொண்டு கைகட்டி இருந்தார்கள். 2023ல்தான் சின்ன அளவில், சடங்குக்கும் சாப்பாட்டுக்குமாக, முதல் தடவை பிடித்தார்கள்.

ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் ஓடுகிற கிளாமத்தில் நான்கு அணைகளை இடித்து 2024ல் முடித்தார்கள். முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆரிகன் பக்கத்து மேல் ஓடைகளில் சால்மன் வந்து நின்றது. நூறு வருடமாக அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத மீன்.

குறவைக்_குழம்பு:
அப்போ வைகை அணையை இடிச்சிரலாம்ங்கிறீங்க. 1959ல கட்டுனது, போதும்தானே. ஐந்து மாவட்டத்துக்காரனும் கடப்பாரையோட வருவான், உங்க வீட்டுக்கு.

செல்லூர்_டு_சியாட்டில்:
அண்ணே, எங்க அம்மா இன்னும் செல்லூரில்தான் இருக்கிறார், குழாயில் வைகைத் தண்ணீர்தான் வருகிறது. நான் அணையைத் தொடவே இல்லை. இங்கேயும் பெரிய அணை இடிப்பு அபூர்வம், பேப்பரில் வருவது அதுதான் என்பதால் அப்படித் தெரிகிறது. அன்றாடம் நடக்கிற வேலை வேறு. சாலைக்கு அடியில் போட்ட குழாய்ப் பாலங்களை மாற்றுவதுதான் அது. குழாயின் கீழ் முனை ஓடைத் தரையிலிருந்து இரண்டடி தூக்கி நின்றால் குட்டி மீனால் ஏற முடியாது, குழாய் குறுகலாக இருந்தால் நீர் வேகத்தில் பெரிய மீனும் திணறும். இதற்காகப் பழங்குடி மக்கள் மாநில அரசு மேல் வழக்குப் போட்டு, 2018ல் உச்ச நீதிமன்றம் வரை போய், மாநிலம் நூற்றுக்கணக்கான குழாய்களை மாற்றியே தீர வேண்டும் என்ற தீர்ப்பு நிலைத்தது. கோடிக்கணக்கில் பணம் இதற்கே போகிறது. நம் ஊரில் அதே மாதிரி எத்தனை தரைப்பாலம், எத்தனை கலுங்கு (கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற இடம்) இருக்கிறது என்று யாராவது எண்ணியிருக்கிறோமா?

மீன்வளம்_படிக்கிறேன்:
மேலூர் அண்ணாவுக்கு. குஞ்சு வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் கண்மாயில் நாட்டு மீன் எப்படிக் காணாமல் போனது?

குத்தகைக்கு எடுப்பவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுகிறார். மூன்றும் கங்கைப் பக்கத்து மீன், நம் வைகைக்குச் சொந்தமே இல்லை. 1957ல் ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறையைக் கண்டுபிடித்தபிறகு குஞ்சு கணக்கில்லாமல் கிடைக்க ஆரம்பித்து, இந்தியா முழுக்கக் குளம் குளமாக இறங்கிவிட்டது (அதைச் செய்து காட்டிய ஜூலை 10தான் இன்றைக்கும் மீன் விவசாயிகள் தினம்). குஞ்சு விடுவதற்கு முன்னால் பண்ணைக் குளத்தில் என்ன செய்யச் சொல்லிப் பாடத்தில் இருக்கிறது தெரியுமா? "களை மீன்களை அகற்றுதல்." ஹெக்டேருக்கு 2500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போட்டால் இருக்கிற மீன் எல்லாம் மிதந்துவிடும். அந்தக் களை மீன் பட்டியலில் யார் யார் என்று பாருங்கள்: விரால், குறவை, கெளுத்தி, சின்னக் கெண்டை, பனையேறிக் கெண்டை. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் போட்ட பட்டியலேதான். கண்மாய் அளவுக்குப் புண்ணாக்கு போட யாருக்கும் கட்டாது, ஆனால் கோடையில் தண்ணீர் வற்றிக் குட்டையாகச் சுருங்கும்போது போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜிலேபி 1952ல் இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், வருடத்தில் பல தடவை குஞ்சு விடும். நம் கெண்டை புது மழைத் தண்ணீருக்காகக் காத்திருந்து ஒரு பருவம்தான் முட்டையிடும். இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருந்தும் பல ஊர்ச் சந்தையில் தேளி என்ற பேரில் விற்கிறார்கள். மழையில் பண்ணை உடைந்தால் அது நேராக வாய்க்காலுக்கு வரும்.

மற்றபடி விரால் கெட்டிக்காரன். அப்பனும் ஆத்தாளும் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும், செக்கச்செவேல் என்று உருண்டையாக நகர்கிற அந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் காவல் மீனைத் தூண்டிலில் பிடித்தால் மொத்தக் குஞ்சும் போச்சு. காற்றைச் சுவாசிக்கும், சேற்றுக்குள் புதைந்து கோடையைத் தாண்டும். வற்றாத பள்ளம் ஒன்று மட்டும் இருந்தால் அதை நாம் வாங்கி விடவே தேவையில்லை.

குத்தகை_பார்த்தவன்:
எல்லாரும் குத்தகைக்காரனை வில்லனாக்குவதால் எழுதுகிறேன். ஏலத் தொகை ஊர்ப் பொதுவுக்குத்தானே போகிறது? கோயில் திருவிழா, மடை ரிப்பேர், எல்லாம் அதிலிருந்துதான். நான் கண்மாய் எடுத்தது மூன்று போகம். மழை பொய்த்த வருடம் போட்ட குஞ்சுக் காசு அப்படியே ஆவியாகிவிட்டது, எவனும் திருப்பித் தரவில்லை. கட்லா ஒரு கிலோ ஏற எட்டு மாதம், வியாபாரி கரைக்கே வந்து எடுத்துக்கொள்கிறான். உளுவையையும் ஆராலையும் எடுத்துக்கொண்டு நான் எந்த வியாபாரியிடம் போவது? புண்ணாக்கு எல்லாரும் போடுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலூர்_பக்கம்:
அண்ணே, நீங்கள் கேட்பது நியாயம்தான், ஏலத் தொகை போனால் அந்த ஓட்டையை அடைப்பது யார் என்பதுதான் எங்கள் கூட்டத்திலும் சண்டை. ஆனால் உளுவைக்கு வியாபாரி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், அயிரைக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். மதுரையில் அயிரை மீன் குழம்பு போடாத அசைவ மெஸ்ஸுக்குப் பேரே கிடையாது. உயிரோடு வேண்டும் என்பார்கள், பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துக் குழம்பில் போடுவார்கள். கிலோ ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது, கட்லா அந்த விலையைக் கனவில்கூடப் பார்க்காது.

வடகரை_வாசி:
அயிரை விலை ஏறியதற்குக் காரணமே அது கிடைக்காததுதானே. மணலுக்குள் புதைந்து வாழ்கிற மீன் அது. வைகையில் மணலை அள்ளிவிட்டு, மிச்சம் இருப்பதில் சீமைக்கருவேலையையும் ஆகாயத்தாமரையையும் வளர்த்து வைத்திருக்கிறோம். மதுரைக்குள் ஆறு என்று ஒன்று இருக்கிறதா, சாக்கடை நீளமாகப் படுத்திருக்கிறதா என்று பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும். கிருதுமால் நதி என்று ஒன்று இருந்ததே, இப்போது அதை நதி என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்க அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள், நான்கு நாள் மீன் துள்ளும், பிறகு ஷட்டர் மூடியதும் அங்கங்கே குட்டையில் மாட்டிச் செத்து நாறும். அணையிலிருந்து திறப்பதை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாலே பாதி மீன் இறங்கிப் போய்விடும் என்று ஓர் என்ஜினீயர் நண்பர் சொல்வார்.

செல்லூர்_டு_சியாட்டில்:
அந்தக் குறைக்கும் வேகத்துக்கு இங்கே பல அணைகளுக்கு எழுத்துப்பூர்வமான விதியே உண்டு, மணிக்கு இத்தனை அங்குலத்துக்கு மேல் மட்டம் இறங்கக் கூடாது என்று. குஞ்சு சால்மன் கரையோரக் கல்லிடுக்கில் கிடக்கும், மட்டம் சட்டென்று இறங்கினால் மாட்டிக்கொள்ளும். நகரச் சாக்கடை பற்றியும் ஒன்று: சியாட்டில் ஓடைகளுக்குத் திரும்பிய கோஹோ சால்மன் மழை பெய்த சில மணி நேரத்தில் முட்டையிடாமலே செத்துக்கொண்டிருந்தது, வருடக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. 2020ல்தான் கண்டுபிடித்தார்கள், கார் டயர் ரப்பரில் கலக்கும் ஒரு ரசாயனம் சாலையிலிருந்து கழுவி வருகிறது என்று. கோடிகளைக் கொட்டி ஓடையைச் சரிசெய்தபிறகு டயர்த்தூள் கொன்றது.

கொடைரோடு:
ஒரு சின்னக் குறுக்கீடு. ட்ரௌட் மீனை நாம் ஊட்டியில் பார்த்துவிட்டு ஏதோ மலை நாட்டு மீன் என்று நினைக்கிறோம். அது வெள்ளைக்காரர் தூண்டில் போட்டு விளையாடக் கொண்டுவந்தது, அவலாஞ்சியில் 1907ல் குஞ்சுப் பண்ணை வைத்தார்கள். நமக்கென்று மலை ட்ரௌட் என்று ஆங்கிலத்தில் பேர் வாங்கிய மீன் ஒன்று இருக்கிறது, பெரியாறு ஏரியிலும் அதற்கு மேலே உள்ள ஓடைகளிலும் மட்டும், உலகில் வேறெங்கும் கிடையாது. உண்மையில் அது ட்ரௌட் இனமே அல்ல, கெண்டைக் குடும்பம். 1941ல் சுந்தரராஜ் என்ற மீனியலாளர் அதை விவரித்தார். மேலூர்க் கால்வாயில் வரும் தண்ணீர் அந்த ஏரித் தண்ணீர்தான், பென்னிகுக் கட்டிய அணை. அந்த ஏரியிலும் இப்போது ஜிலேபி, சாதாக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாம் புகுந்துவிட்டன. தண்ணீர் வருகிற வழியாக எது வருகிறது என்பதையும் பாருங்கள், கால்வாய் மடையில் சல்லடை போடாமல் நாட்டு மீன் கண்மாய் என்று பலகை வைப்பதில் அர்த்தம் இல்லை.

முன்னாள்_பொ.ப.து:
வயதானவன், மெதுவாகத் தட்டச்சு செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்தேன். சியாட்டில் தம்பி கேட்ட கலுங்குக் கேள்விக்குப் பதில்.

நம் கண்மாய் ஒவ்வொன்றும் தனியாக இல்லை. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கில் விழுந்து கீழ் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அடுத்தது, கடைசியில் ஆறு. ஐப்பசி கார்த்திகையில் புதுத் தண்ணீர் வரும்போது மீன் கீழ்க் கண்மாயிலிருந்து எதிரேறி மேல் கண்மாய்க்குப் போகும், வயல் வரப்பில்கூட ஏறும். முட்டையிடப் போகிற மீன் அது. பழைய கலுங்கு கல்லால் கட்டியது. மேலே குத்துக்கல் நட்டிருக்கும், நடுவே சந்து இருக்கும், அடியில் கல்தளம் சொரசொரப்பாகப் படிப்படியாக இறங்கும். மீன் சந்து சந்தாக ஏறிவிடும். பிறகு பழுதுபார்க்கிறோம் என்று கான்கிரீட்டில் நேர்ச்சுவராக எடுத்தோம், கீழே வழவழப்பான தளம். மூன்றடி நேராக விழுகிற தண்ணீரில் விரால் வேண்டுமானால் முண்டிப் பார்க்கும். அயிரையும் கெண்டையும் அடியிலேயே சுற்றிச் சுற்றி நிற்கும், அங்கேதான் நம்மாட்கள் வலையோடு காத்திருப்பார்கள்.

இதற்கு மாற்று பெரிய செலவு இல்லை. கலுங்கின் ஒரு ஓரத்தில் மட்டும் பாறாங்கல்லை அடுக்கிச் சரிவு கட்டலாம். ஓர் அடி உயரத்துக்கு இருபது அடி நீளம் என்ற கணக்கில் போனால் சின்ன மீனும் ஏறும். மூன்றடிக் கலுங்குக்கு அறுபது அடி. கல்லுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கிற குழி வேண்டும், மீன் இளைப்பாற. கலுங்கு மட்டத்தில் கை வைக்கக் கூடாது, ஆயக்கட்டுக்காரர் (கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்பவர்) சண்டைக்கு வருவார். நீர்வளத் துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும்.

வைகையில் இது முடியுமா என்றால், பேரணை, விரகனூர், பார்த்திபனூர் என்று மதகணைகள் (மதகு வைத்த தடுப்பணைகள்) நிற்கின்றன. அங்கே ஊர்க்காரர்களால் ஆகாது.

குறவைக்_குழம்பு:
ஐயா சொல்றது சரி. நான் கிண்டல் பண்ணுனேன், ஆனா விலாங்கு விஷயத்தை யாருமே பேசலையே. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற விலாங்கு. எங்க தாத்தா காலத்துல மானாமதுரைப் பக்கம் ஆத்து மடுவுல பிடிப்பாங்களாம்.

மீன்வளம்_படிக்கிறேன்:
விலாங்குதான் அண்ணே நம் சால்மன், ஆனால் தலைகீழ். சால்மன் கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடும். விலாங்கு ஆற்றிலும் கண்மாயிலும் வருடக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட ஆழ்கடலுக்குப் போகும். அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி உடம்போடு கழிமுகத்துக்கு வந்து மேலே ஏறும். செயற்கையாகக் குஞ்சு பொரித்துக் கண்மாயில் விடுகிற வேலை இதில் நடக்காது, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே தண்ணீர் ஓடினால்தான் உண்டு. வைகைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது, நல்ல வெள்ள வருடத்தில்தான் ஆற்றங்கரை முகத்தில் கடலைத் தொடும். அந்த ஒரு வருடம் வரும்போது மதகுகளைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்தால்கூட விலாங்குக் குஞ்சுக்குப் போதும்.

குத்தகை_பார்த்தவன்:
கலுங்கு சரிவு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. என்னைக் கேட்டால் குத்தகையை ஒழிக்காதீர்கள், ஏலச் சீட்டில் நிபந்தனையை மாற்றுங்கள். புண்ணாக்கு கூடாது, கடைசித் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விட்டால் ஏலம் ரத்து. தொகை கொஞ்சம் குறையும், நானாக இருந்தால் குறைத்துத்தான் கேட்பேன். ஆனால் ஆள் வருவான்.

மேலூர்_பக்கம்:
அண்ணே, இதை அப்படியே கூட்டத்தில் படிக்கப்போகிறேன். குஞ்சு வாங்கப் பிரித்த பணத்தைக் கல்லுக்கும் ஜல்லிக்கும் திருப்பலாமா என்று கேட்டால் எத்தனை பேர் அடிக்க வருவார்களோ தெரியவில்லை. ஐயா, ஒரு சந்தேகம். குடிமராமத்துத் திட்டத்தில் கண்மாயை ஒரே சீராகத் தூர்வாரிவிட்டார்கள், கோடையில் பள்ளமே நிற்பதில்லை. மறுபடி பள்ளம் எடுக்க வேண்டுமா? அப்புறம் மீன்வளம் தங்கச்சிக்கு, பக்கத்துக் கண்மாயில் நாட்டு மீன் மிச்சம் இருந்தால் தானாக வருமா?

முன்னாள்_பொ.ப.து:
மடைக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், மடை வலுவிழக்கும், எல்லாத் தண்ணீரும் வாய்க்காலில் போயும் விடும். கண்மாயின் உள்பக்கம், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, மடை மட்டத்துக்குக் கீழே ஆறடி ஆழத்துக்கு ஒரு பள்ளம். வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது அந்த இடத்தைக் காட்டி அங்கேயே எடுக்கச் சொல்லலாம், உங்களுக்குக் கைக்காசு போகாது.

மீன்வளம்_படிக்கிறேன்:
வரும் அண்ணா, ஏற வழி இருந்தால். இப்போதே, கோடைக்கு முன்னால், மேல் கண்மாயிலும் கீழ் கண்மாயிலும் என்ன மீன் மிச்சம் இருக்கிறது என்று ஊத்தா போடுகிறவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். இரண்டு மழை பார்த்தும் ஒரு மீன் வராவிட்டால், அதை மட்டும் இதே வைகைப் படுகைக் கண்மாயிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து விடலாம், ஆந்திரா பண்ணைக் குஞ்சு வேண்டாம். மழை ஆரம்பித்த முதல் வாரம் கலுங்கில் யாரும் வலை வைக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போடுங்கள். கேரளத்தில் மழைக்கு ஏறி வருகிற மீனைப் பிடிப்பது 2010ஆம் வருடச் சட்டப்படியே குற்றம்.

குறவைக்_குழம்பு:
முதல் வாரம் வலை வைக்காம இருக்கணுமா? எங்க ஊர்ல அதுக்குப் போலீஸ் இல்ல, துணை ராணுவம் வரணும். கறுப்பசாமி பேரைச் சொல்லிக் கட்டுப்பாடு போடுங்க, கேட்பாய்ங்க.

மேலூர்_பக்கம்:
அதைத்தான் யோசித்தேன். கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. கலுங்கை அளந்துவிட்டேன், இரண்டே முக்கால் அடி. ஐயா, பாறாங்கல் எந்த அளவில் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், டிப்பர்காரரிடம் விலை கேட்க வேண்டும்.